எடை மெஷினும் அரைஞாண் கயிறும்

“ஏனுங்க அம்மிணி, பையன் நல்லாத் தேறிட்டான்ல?” என்று அந்த அம்மிச்சி கேட்டபோது சட்டென்று எனக்குப் பதில் வரவில்லை.

ஆறு வயதுப் பேரன். பவானிப் பக்கம் ஊர், பெற்றவர்கள் இருவரும் தறிக்குப் போகிறவர்கள். ரத்தப் புற்று என்று கோவையில் வந்து படுத்தபோது 16 கிலோ. நாலு வாரத்தில் 19.5. கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. அரைஞாண் கயிறு வயிற்றை இறுக்குகிறது என்று அறுத்து, அம்மிச்சி அதை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். படுக்கையில் கிடந்த பிள்ளை குண்டானால் நோவு போய்விட்டது என்றுதானே நம் பக்கத்துக் கணக்கு.

அப்போது நான் அந்த வார்டில் டயட்டீஷியனாகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

குழந்தைகளுக்கு அதிகம் வருகிற ரத்தப் புற்று வகைக்கு ஏ.எல்.எல். என்று பெயர், இவனுக்கும் அதுதான். அதன் முதல் கட்டச் சிகிச்சையில் சுமார் நாலு வாரம் தினமும் ஸ்டீராய்டு உண்டு, பிரட்னிசலோன் அல்லது டெக்ஸாமெத்தசோன். புற்றணுக்களை அழிப்பதில் அதற்குப் பெரிய பங்கு. கூடவே பசியைக் கிளப்பிவிடும். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து அரிசிம்பருப்பு சாதம் கேட்டு அழுகிற பசி. உப்பும் காரமும் வேண்டும் என்ற ஆசை வேறு. ஒரு சிறுமி ஊறுகாய் பாட்டிலைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். உப்பு சேர்ந்தால் உடம்பில் நீர் தங்கும், பி.பி. ஏறும். இதே சிகிச்சையில் போடும் ஆஸ்பராஜினேஸ் என்ற புற்று மருந்து ஊசியும் கூடும்போது சிலருக்குச் சர்க்கரையும் ஏறிவிடும்.

சரி, எடைதானே பிரச்சினை என்று நான் எல்லாவற்றிலும் பாதி வெட்டி ஒரு சார்ட் எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை வந்தபோது எடை கூடவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. ஆனால் தரையில் உட்கார்ந்திருந்த பையன் முழங்காலில் கையை ஊன்றித்தான் எழுந்தான், கிழவனைப் போல.

டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, “எடையைப் பார்த்தீங்க, கையை அளந்தீங்களா?” என்றார். டேப்பைப் புஜத்தில் சுற்றினால், சேர்ந்த அன்று இருந்ததைவிட ஒரு சென்டிமீட்டர் குறைவு. ஸ்டீராய்டு ஒரு பக்கம் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டே மறுபக்கம் தசையைக் கரைக்கும். தொடையும் புஜமும்தான் முதலில் அடி வாங்கும். கூடவே போடும் வின்கிரிஸ்டின் என்ற புற்று மருந்து ஊசி நரம்பைப் பாதிப்பதால் கால் இன்னும் தளரும். மெஷினில் ஏறியதெல்லாம் நீரும் கொழுப்பும். உள்ளே பையன் இளைத்துக்கொண்டிருந்தான். அவன் பருப்பையும் முட்டையையும் சேர்த்து வெட்டியவள் நான்.

சார்ட்டை மாற்றினேன். அதே அரிசிம்பருப்பு சாதம், ஆனால் அரிசி குறைவு, பருப்பு தாராளம். நன்றாக வெந்த முட்டை. பச்சைப்பயறு கடைசல், உப்பு மட்டாக. ராத்திரி அழுகைக்கு வேகவைத்த கடலை. பசிக்கிறது என்று கேட்கிற பிள்ளைக்கு இல்லை என்று சொல்வதை அன்றோடு விட்டேன். அப்புறம் தினமும் வராண்டாவில் நடை.

முகத்தைப் பார்த்துப் பயந்து மாத்திரையைத் தாமாக நிறுத்துகிற வீடுகளும் உண்டு. அது ஆபத்து. பல நாள் ஸ்டீராய்டு எடுத்தால் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதை நிறுத்தியிருக்கும், சட்டென்று நிறுத்தினால் குழந்தை சுருண்டுவிடும். டாக்டர் சொல்கிறபடி நிறுத்தினால் சில வாரங்களில் முகம் வற்றத் தொடங்கும். ஆனால் சிகிச்சை இரண்டு வருடத்துக்கு மேல் போகும். பிற்பாடு பல சிகிச்சை முறைகளில் மாதம் ஐந்து நாள் ஸ்டீராய்டு திரும்ப வரும். “அந்த அஞ்சு நாள்” என்றாலே அம்மாக்கள் முகம் மாறும்.

அம்மிச்சிக்கு டேப்பைச் சுற்றிக் காட்டித்தான் விளக்கினேன். அவர் சென்டிமீட்டரை மதிக்கவில்லை. முந்தானையில் இருந்த அரைஞாண் கயிற்றைப் பேரன் புஜத்தில் சுற்றி, சேரும் இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து ஓ.பி.யில் என்னைத் தேடி வந்தார். கயிற்றைச் சுற்றிக் காட்டினார்.

“முடிச்சுக்கு எட்ட மாட்டேங்குதுங்க அம்மிணி.”