நிதித்துறையில் அறிவுக்குத் தீனி எங்கே இருக்கிறது?

கணிதத்திலோ இயற்பியலிலோ தேர்ந்தவர்கள் நிதித்துறைக்குள் நுழையுமுன் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: ஊதியம் சரி, சிந்தித்துப் பழகிய மனத்துக்கு அங்கே வேலை உண்டா? உண்டு என்றே இந்தத் துறையில் பணியாற்றும் நான் உறுதியாகச் சொல்வேன். ஆனால் அவர்கள் அதைத் தேடும் இடம் சூத்திரங்கள். நான் அதைக் கண்ட இடம் வேறு.

சூத்திரங்களுக்குக் குறைவில்லை என்பது உண்மை. லூயி பாஷெலியே என்னும் பிரெஞ்சுக் கணிதவியலாளர் 1900-இல் பாரிசில் அளித்த ஆய்வேட்டில் சந்தை விலைகளின் அசைவை நிகழ்தகவைக் கொண்டு விவரித்தார். அதே வகைக் கணிதத்தைக் கொண்டு, திரவத்தில் மிதக்கும் நுண்துகள்களின் தாறுமாறான அசைவை, அதாவது பிரௌனியன் இயக்கத்தை, விளக்கிய ஐன்ஸ்டைனின் கட்டுரை அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்தே வெளிவந்தது. ஒரு பங்கைக் குறித்த விலைக்குப் பின்னர் வாங்கவோ விற்கவோ தரப்படும் உரிமைக்கு ஆப்ஷன் என்று பெயர். பிளாக், ஷோல்ஸ் என்னும் பொருளியலாளர்கள் 1973-இல் வெளியிட்ட ஆப்ஷன் விலைச் சமன்பாட்டை, மாறிகளை மாற்றி எழுதினால், வெப்பம் பரவுவதை விளக்கும் சமன்பாடாகவே ஆக்கிவிடலாம். இவற்றைப் படிப்பது பேரின்பம். ஆனால் பணியிடத்தில் கணக்கைக் கணினி முடித்துவிடுகிறது. அதற்குள் எந்த எண்ணை இடுவது, அந்த எண்ணை எதுவரை நம்புவது என்பதே மனிதருக்கு எஞ்சும் கேள்வி.

1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்கப் பங்குச்சந்தையின் டவ் ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் சரிந்தது. ஆப்ஷன் கோட்பாட்டிலிருந்தே பிறந்த போர்ட்ஃபோலியோ இன்சூரன்ஸ் என்னும் காப்பு உத்தி, விலை இறங்க இறங்க மேலும் விற்கச் சொல்லி, அந்தச் சரிவைப் பெரிதாக்கியது என்று அதை ஆராய அமெரிக்க அரசு அமைத்த பிராடி குழு கூறியது. அதன் பிறகு, பெருவீழ்ச்சிக்குக் காப்பளிக்கும் ஆப்ஷன்கள் பிளாக்-ஷோல்ஸ் கணக்கு சொல்வதைவிடக் கூடுதல் விலைக்கு விற்கத் தொடங்கின. ஆராயப்படும் பொருளே ஆராய்ச்சியை அறிந்துகொண்டு தன் நடத்தையை மாற்றிக்கொள்ளும் இந்தச் சிக்கல் இயற்பியலாளருக்கு நேர்வதில்லை; என்னை இத்துறையில் இருத்தி வைத்திருப்பதும் இதுவே.

இன்னொரு சிக்கல், சான்றின் பற்றாக்குறை. ஒரு முதலீட்டு முறை சந்தையைவிட ஆண்டுக்குச் சராசரியாக 5 சதவீதம் கூடுதலாக ஈட்டுகிறது என்றும், அந்தக் கூடுதலின் திட்ட விலக்கம், அதாவது ஆண்டுக்கு ஆண்டு அது சராசரியிலிருந்து விலகும் அளவு, 20 சதவீதம் என்றும் கொள்வோம். அது தற்செயல் அன்று என்று வழக்கமான 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல, 20-ஐ 5-ஆல் வகுத்து, இரண்டால் பெருக்கி, வர்க்கப்படுத்திய அளவுக்கு, அதாவது 64 ஆண்டுகளுக்கு, தரவு வேண்டும். யாருடைய பணிக்காலமும் அவ்வளவு நீளாது. ஆகவே, தான் சரியாகச் சிந்தித்ததை விளைவு மெய்ப்பிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவருக்கு இத்துறை பெரும் வேதனையைத் தரும். அரைகுறைச் சான்றை நேர்மையாக எடைபோடுவதில் இன்பம் காண்பவருக்கு வாழ்நாள் முழுவதும் சிந்திக்க இங்கே விஷயம் இருக்கிறது.

கடன் வாங்கும் நிறுவனம் அதைத் திருப்பிச் செலுத்துமா என்று எடைபோடும், பலரும் பொருட்படுத்தாத கடன் மதிப்பீட்டுப் பணியை நான் இங்கே குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். ஒரு நிறுவனத்தின் லாபம் ஏறுகிறது, செயல்பாடுகளிலிருந்து வரும் ரொக்கம் ஏறவில்லை என்றால், அது வளர்ச்சியின் இயல்பான அறிகுறியா, வாடிக்கையாளர்கள் பணம் கொடுக்கத் திணறுகிறார்களா, அல்லது ஆண்டு முடிவதற்குள் சரக்கைத் தள்ளிவிட்டு விற்பனை என்று எழுதியிருக்கிறார்களா? நிதியறிக்கையின் குறிப்புகளைக் கணக்கியலும் சட்டமும் மனித இயல்பும் அறிந்து படித்தால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

தொடக்க ஆண்டுகளில் எக்செல் தாள்களை நிரப்புவதும் அறிக்கைகளைச் சரிபார்ப்பதும் சலிப்பூட்டும். சில பணிகளில் அந்தச் சலிப்பு முடிவதே இல்லை. எனவே நேர்காணலுக்குச் செல்பவர், இரண்டாம் ஆண்டில் தாம் எந்த முடிவை எடுக்க நேரும் என்றும், கணக்கு மாதிரியில் இடப்படும் ஊகங்களை அங்கே யார் தீர்மானிக்கிறார்கள் என்றும் கட்டாயம் கேட்க வேண்டும்.