சாட்ஸ்வொர்த்: விற்றும் இடித்தும் மிஞ்சிய மாளிகை

இங்கிலாந்தின் டெர்பிஷயரில், டெர்வென்ட் ஆற்றங்கரையில் இருக்கிறது சாட்ஸ்வொர்த். டெவன்ஷயர் டியூக்குகளின் மாளிகை. லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்திலிருந்து செஸ்டர்ஃபீல்டுக்கு ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அங்கிருந்து பஸ்ஸோ டாக்சியோ பிடிக்கலாம். ஷெஃபீல்டில் இறங்கினால் 218 எண் பஸ் மாளிகை அருகிலேயே நின்று பேக்வெல் வரை போகும். நடக்கத் தயங்காதவர்களுக்கு நான் சொல்லும் வழி வேறு. பஸ்ஸில் பேக்வெல் வரை போய்விடுங்கள். அங்கிருந்து குன்றைத் தாண்டிவரும் நடைபாதையில் சுமார் 5 கி.மீ. நடந்து கிராமத்துப் பக்கமாக மாளிகையை அடையுங்கள். மழை பெய்தால் பாதை சேறாகிவிடும். கணுக்காலைப் பிடிக்கும் ஷூ வேண்டும். பூங்காவில் நடக்கக் கட்டணம் கிடையாது. மாளிகைக்கும் தோட்டத்துக்கும் மட்டும்தான் டிக்கெட்.

அந்தக் கிராமத்தின் பெயர் பலகையில் எடன்சர் என்று இருக்கும். பஸ் டிரைவரிடம் என்சர் என்று சொல்லுங்கள். 18-ஆம் நூற்றாண்டில் நான்காம் டியூக், ஜன்னலிலிருந்து பார்க்கும்போது இடையூறாகத் தெரிந்த வீடுகளை அகற்றினார். ஆறாம் டியூக் 1838-42 காலத்தில் மீதியையும் மாற்றி, ஒன்றுபோல் இன்னொன்று இல்லாத வீடுகளாகக் கட்டினார். ஒரே ஒரு பழைய வீடு மட்டும் சாலைக்கு அந்தப் பக்கம், பூங்காப் புல்வெளியில் சுற்றுச்சுவரோடு தனியே நிற்கிறது. அதைத் தாண்டி நடந்தால், ஜேம்ஸ் பெயின் கட்டிய மூன்று வளைவுப் பாலமும் அதன் பின்னால் மாளிகையும் தெரியும். காட்டின் ஓரம் இயற்கையாக வளைவதுபோலத் தோன்றும். ஆனால் அந்த வளைவும் ஆற்றின் போக்கும் நிலவடிவமைப்பாளர் ‘கேபபிலிட்டி’ பிரவுன் திட்டமிட்டு அமைத்தவை.

இந்தச் சொத்து வந்த வழியை அறிந்துகொண்டு உள்ளே போவது நல்லது. எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்துச் சொத்துகளைக் கைப்பற்றியபோது, அந்தக் கணக்குகளைப் பார்த்த அதிகாரிகளில் ஒருவர் சர் வில்லியம் கேவண்டிஷ். அந்தப் பதவியில் செல்வம் சேர்த்தார். 1547-இல் அவரை மணந்த பெஸ் ஆஃப் ஹார்ட்விக், டெர்பிஷயர்க்காரி. கணவரைத் தன் ஊர்ப் பக்கம் வரவைத்தவர் அவர்தான். 1549-இல் சாட்ஸ்வொர்த் நிலத்தை 600 பவுண்டுக்கு வாங்கினார்கள். பெஸ் கட்டிய வீட்டில் இப்போது கண்ணுக்குத் தெரியும்படி எதுவும் மிஞ்சவில்லை. அவர் காலத்தின் பெரிய அடையாளம் பின்னால் மலைமேல் நிற்கும் வேட்டைக் கோபுரம். பெஸ்ஸின் நான்காம் கணவர் ஷ்ரூஸ்பரி பிரபுதான் ஸ்காட்லாந்து ராணி மேரியைக் காவலில் வைத்திருந்தவர். ராணி இங்கேயும் பலமுறை அடைத்துவைக்கப்பட்டார்.

இன்று நாம் பார்க்கும் மாளிகை ஒரு கோபத்தில் தொடங்கியது. கேவண்டிஷ் குடும்பத்தில் வந்து பின்னாளில் முதலாம் டியூக் ஆனவர், அரசவையில் ஒருவரை அடித்ததற்காக 30,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டு, லண்டனை விட்டு இங்கே வந்து உட்கார்ந்தார். 1687-இல் தெற்குப் பக்கத்தை மட்டும் இடித்துக் கட்டுவதாகத்தான் ஆரம்பம். அது முடிந்ததும் கிழக்கு, பிறகு மேற்கு, கடைசியில் வடக்கு என்று போய், அவர் இறந்த 1707-இல்தான் வேலை ஓய்ந்தது. பக்கம் பக்கமாகக் கட்டியதால் நான்கு முகப்புகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. வெளியே ஒரு சுற்று வந்து தெற்கையும் மேற்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இதற்கிடையே 1688-இல் டச்சு இளவரசர் ஆரஞ்சு வில்லியமை இங்கிலாந்துக்கு வரும்படி அழைத்த கடிதத்தில் கையெழுத்திட்ட எழுவரில் அவரும் ஒருவர். ஆட்சி மாறியது, அபராதம் போனது, 1694-இல் டியூக் பட்டம் வந்தது.

அரசரான வில்லியமும் அவர் அரசியும் வந்து தங்குவார்கள் என்று மேல்மாடியில் அரச அறைகளை வரிசையாகக் கட்டினார். அவர்கள் வரவே இல்லை. அந்த இசை அறையில் கதவில் தொங்கும் வயலினைத் தேடிப் பாருங்கள். ஆணியிலிருந்து நிழல்வரை எல்லாமே யான் வான் டெர் வார்ட் தீட்டிய ஓவியம்; உள் கதவில் இருப்பதால், வெளிக்கதவு வழியாக எட்டிப் பார்க்க வேண்டும். கீழே ஓவியக்கூடத்துச் சுவர்களில் லூயி லகேர் ஜூலியஸ் சீசரின் வாழ்க்கையைத் தீட்டியிருக்கிறார். கூட்டம் அங்கேயே தேங்கும். நேரம் குறைவென்றால் அதை விட்டுவிட்டுச் சிற்றாலயத்துக்குப் போங்கள். முதலாம் டியூக்குக்குப் பிறகு கை வைக்கப்படாமல் தப்பிய இடம் அதுதான்.

நான்காம் டியூக் ஓர் ஆண்டுக்கும் குறைவாகப் பிரதமராக இருந்தார். அவர் மணந்த ஷார்லட் பாயிலுடன் சிசிக் மாளிகை, லண்டன் பர்லிங்டன் மாளிகை, அயர்லாந்தின் லிஸ்மோர் கோட்டை எல்லாம் குடும்பத்துக்கு வந்தன. ஐந்தாம் டியூக்குக்கு எக்டன் செப்புச் சுரங்கம் வாரிக் கொடுத்தது. பக்ஸ்டன் நகரின் பிறைவடிவக் கட்டடம் அந்தப் பணத்தில் எழுந்தது.

தோட்டத்துக்குப் போகும் முன் மலை ஏறிவிடுங்கள். எல்லாரும் செய்வது தலைகீழ்: தோட்டத்தில் நீரூற்றைப் பார்த்துவிட்டுக் களைத்துத் திரும்பிவிடுகிறார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் அந்த நீரூற்றை ரசிக்க முடியாது. குதிரை லாயத்துக்குப் பின்னால் தொடங்கும் ஸ்டாண்ட் வுட் காட்டுப்பாதை செங்குத்தானது, இலவசம். மேலே, மாளிகையைவிட 350 அடி உயரத்தில், 8 ஏக்கர் பரப்பில் எம்பரர் ஏரி இருக்கிறது. அது வெட்டிய ஏரி.

வெட்டச் சொன்னவர் ஆறாம் டியூக்; வெட்டியவர் ஜோசஃப் பாக்ஸ்டன். 1826-இல் 22 வயதில் தலைமைத் தோட்டக்காரராகச் சேர்ந்தவர். 1844-இல் ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கலஸ் வருவார் என்ற எதிர்பார்ப்பில், ஆறே மாதத்தில், இரவில் பந்தம் கொளுத்தி வேலை வாங்கி முடித்தார். பேரரசரும் வரவில்லை. ஆனால் அவர் பெயர் தாங்கிய ஊற்று 296 அடி உயரம் பாய்ந்ததாகப் பதிவாகியிருக்கிறது. பம்ப் கிடையாது, எஞ்சின் கிடையாது. சுற்றியுள்ள உயர்நிலத்து நீரை வாய்க்கால் வழியே ஏரியில் சேர்த்து, அரை மைல் இரும்புக் குழாயில் கீழே விடுகிறார்கள், அவ்வளவுதான். 350 அடி விழுந்த நீர் ஏன் 350 அடி எழவில்லை என்றால், குழாயின் உராய்வும் காற்றின் தடையும் மீதியைத் தின்றுவிடுகின்றன. நீளமான குழாயில் ஓடும் நீரைச் சட்டென்று அடைத்தால் அழுத்தம் பாய்ந்து குழாயை உடைத்துவிடும். அதனால் இந்த மாதிரி ஏற்பாட்டில் வால்வை மெதுவாகத்தான் திருக வேண்டும். வறண்ட கோடையில் ஏரி நீர் குறைந்தால் ஊற்றும் நிற்கும். மழைக்குப் பிந்தைய நாளே பார்க்கச் சிறந்தது. காற்றடிக்கும் பக்கம் நின்றால் நனைவீர்கள். 1893-இல் இதே நீரால் டர்பைன் சுழற்றி மாளிகைக்கு விளக்கெரித்தார்கள்.

பக்கத்துச் சரிவில் இருக்கும் படியருவி பழையது. முதலாம் டியூக்குக்காக 1696-இல் பிரெஞ்சுக்காரர் கிரியே அமைத்து, சில ஆண்டுகளில் பெரிதாக்கியது. 24 படித்தொகுதிகளும் அளவில் வேறுபடுவதால் நீர் விழும் ஓசை இடத்துக்கு இடம் மாறும். கல் இடுக்குகளில் கசிவு பெருகியதால் அண்மைக் காலத்தில் இதில் நீரை நிறுத்தி வைத்தார்கள். ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

யூ மரங்கள் நட்ட புதிர்ப்பாதைதான் எனக்கு இந்தத் தோட்டத்திலேயே முக்கியமான இடம், அங்கே இல்லாத ஒன்றுக்காக. அந்த இடத்தில்தான் பாக்ஸ்டனின் பெரும் கண்ணாடி வீடு நின்றது: 277 அடி நீளம், 123 அடி அகலம், 67 அடி உயரம். எட்டுக் கொதிகலன்கள், ஏழு மைல் வெந்நீர்க் குழாய். நிலக்கரி பூமிக்கடியிலான தடத்தில் வந்தது. புகை நிலத்தடிப் போக்கி வழியாக மலைமேல் போய் வெளியேறியது. 1843-இல் விக்டோரியா ராணி அதனுள் வண்டியிலேயே போனார். இங்கே கற்றதை வைத்துத்தான் பாக்ஸ்டன் 1851-இல் லண்டனின் கிரிஸ்டல் பேலஸைக் கட்டினார். முதல் உலகப்போரில் நிலக்கரி கிடைக்கவில்லை. செடிகள் குளிரில் செத்தன. 1920-இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

பாக்ஸ்டன் வளர்த்தவற்றில் நமக்கு நெருக்கமான ஒன்று உண்டு. சீனாவிலிருந்து மொரிஷியஸ் வழியே வந்த குட்டை வாழை ஒன்றை வளர்த்து, 1835-இல் பூக்கவைத்து, அடுத்த ஆண்டு காய்க்கவைத்து, முதலாளியின் குடும்பப் பெயரால் கேவண்டிஷ் என்று பெயரிட்டார். நம் தேனி, கம்பம் பக்கத்தில் ஏக்கர் கணக்கில் நிற்கும் ஜி-9 வாழை அந்த இனத்தைச் சேர்ந்தது. சாட்ஸ்வொர்த் கண்ணாடி வீட்டில் இன்றும் கேவண்டிஷ் வளர்க்கிறார்கள்.

பிறகு வந்தது சரிவு. ஒன்பதாம் டியூக் 1908-இல் பட்டம் ஏற்றபோது பழைய கடனோடு இறப்பு வரியும் சேர்ந்தது. இங்கிலாந்தின் முதல் அச்சாளர் கேக்ஸ்டன் அச்சிட்ட அரிய நூல்களும் ஷேக்ஸ்பியர் பழம்பதிப்புகளும் அமெரிக்கச் சேகரிப்பாளர் ஹண்டிங்டனுக்குப் போயின. லண்டன் டெவன்ஷயர் மாளிகை 1920-இல் விற்கப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. பெரிய அடி 1950-இல். பத்தாம் டியூக் சொத்தை முன்கூட்டியே மகனுக்கு மாற்றியிருந்தார். கொடுத்தபின் ஐந்தாண்டு உயிரோடிருந்தால் வரி இல்லை என்பது சட்டம். அந்தக் கெடுவுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, நவம்பரில் இறந்துவிட்டார். 80 சதவீத வரி விழுந்தது. மூத்த மகன் 1944-இல் பெல்ஜியத்தில் போரில் இறந்திருந்ததால், சுமை இளையவர் ஆண்ட்ரூவின் தலையில் வந்தது.

ஆண்ட்ரூவும் மனைவி டெபராவும் ஸ்காட்லாந்து நிலங்களை விற்றார்கள். மெம்லிங்கின் மூவோவியம் நேஷனல் கேலரிக்குப் போனது. எட்டாம் ஹென்றியை ஹோல்பைன் வரைந்த பெரிய மாதிரிப்படம் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரிக்குப் போனது. மாளிகையை விடவில்லை. போர்க்காலத்தில் பெண்கள் பள்ளியாக இருந்த கட்டடத்தைச் செப்பனிட்டு 1959-இல் குடியேறினார்கள். 1977-இல் பண்ணைக் கடை திறந்தார்கள். 1981-இல் ஓர் அறக்கட்டளை அமைத்து, மாளிகையையும் தோட்டத்தையும் ஆண்டுக்கு ஒரு பவுண்டு வாடகையில் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார்கள். தாங்கள் வசிக்கும் பகுதிக்குக் குடும்பம் அந்த அறக்கட்டளைக்கே வாடகை கட்டுகிறது. நீங்கள் தரும் டிக்கெட் பணமும் அதற்குத்தான் போகிறது. ஈயத்தகடு வேய்ந்த கூரை மட்டுமே 1.3 ஏக்கர்.

திரும்பும்போது என்சர் தேவாலயத்து இடுகாட்டுக்குள் போய் வாருங்கள். டியூக்குகளின் கல்லறைகள் சாதாரணக் கற்கள்தான். பாக்ஸ்டனும் அங்கேயே. போரில் இறந்த மூத்த மகனின் மனைவி கேத்லீன் கென்னடியும் அங்கே இருக்கிறார். அவர் அண்ணன், அதிபர் கென்னடி, 1963 ஜூனில் வந்து பார்த்தார்.

இன்னொரு நாள் கையில் இருந்தால் ஹார்ட்விக் ஹாலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெஸ் முதுமையில், 1590-களில் கட்டியது. கோபுரங்களின் உச்சியில் அவருடைய பெயரின் முதலெழுத்துகள் கல்லில் நிற்கின்றன. 1950-இன் வரிக்கு ஈடாக அரசிடம் ஒப்படைக்கப்பட்டு, 1959-இல் பழம்பெரும் கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு வந்தது. டிக்கெட் தனி. செஸ்டர்ஃபீல்டிலிருந்து டாக்சி எடுப்பதே எளிது. காரில் வருபவர்கள் எம்1 நெடுஞ்சாலையில் 29-ஆம் சந்திப்பில் இறங்கலாம்.