சேவல் வேஷம் போடும் பெட்டை

டர்பன் சாட்ஸ்வொர்த் பக்கம் கோழி வளர்க்கிறவர்களே, முட்டையை நிறுத்திய கிழட்டுப் பெட்டை கூவினால் சகுனம் பார்க்காதீர்கள். கோழிக்கு இடது சூலகம் (முட்டைக் கரு உருவாகும் உறுப்பு) மட்டுமே வேலை செய்யும். கட்டி வந்தோ வயதாகியோ அது கெட்டால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும். இறகைப் பெட்டைச் சாயலில் வைத்திருந்ததே அதுதான்.

முளைத்து முடிந்த இறகு மாறாது, அடுத்த இறகுதிர்ப்புக்குப் பிறகுதான் தெரியும். பின்முதுகு இறகு ஒன்றைப் பாருங்கள். நுனிதான் முதலில் வளரும். பாதியில் ஹார்மோன் குறைந்திருந்தால் நுனி பெட்டைபோல் மழுங்கலாக, அடிப்பாகம் சேவல் இறகாகப் பளபளக்கும். நுனியே சேவல்போல் கூராக இருந்தால் மாற்றம் பழசு.

காலில் முள் வந்ததை மட்டும் நம்பாதீர்கள், நன்றாக முட்டையிடும் பெட்டைக்கும் வரும். சேவலாகத் தெரிந்தாலும் அதன் குரோமோசோம் என்னவோ பெட்டையுடையதுதான்.

நம்ம தென்னாப்பிரிக்காவின் ஓட்ஸ்ஹோர்ன் ஊர்த் தீக்கோழியும் இப்படித்தான்: சூலகத்தை எடுத்தால் பழுப்புப் பெட்டைக்குக் கறுப்பு இறகு முளைக்கும்.