பேரிங் போச்சுன்னு மெக்கானிக்க கூப்ட்ட கதை

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல வீட்ல இருநூறு ரூவா தண்டம். காரணம், பிளாக் சாபத்ங்கற இங்கிலாந்து ஹெவி மெட்டல் பேண்டு 1992ல விட்ட ஆல்பம் ஒண்ணு.

டீஹ்யூமனைசர்னு பேரு. பிளாக் சாபத்னாலே மொதப் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் காலத்ததான் எல்லாரும் பேசுவாங்க, கொஞ்சம் வெவரமானவன் டியோ பாடுன 1980 ஆல்பம் வரைக்கும் வருவான், அதே டியோ சண்ட போட்டு வெளிய போயி பத்து வருசம் கழிச்சு திரும்பி வந்து கத்துன இத மட்டும் யாரும் சீண்டுறதில்ல. இத்தனைக்கும் கிட்டாரிஸ்ட் டோனி அயோமியோட ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் துண்டு, ஒவ்வொண்ணும் அம்மிக்கல்லு கனம். (இதுல டிரம்ஸ் வாசிக்க வேண்டிய கோசி பவல் மேல குதிரை விழுந்து இடுப்பெலும்பு ஒடஞ்சு, அப்புறம் வின்னி அப்பீஸ் வந்தாரு. பேண்டுக்கு நேரம் அப்படி.)

சரி கதைக்கு வர்றேன். புளூடூத் ஸ்பீக்கர்ல இத ஃபுல் சவுண்டுல வச்சுட்டு குளிக்கப் போயிட்டேன், என் ரூமுக்குப் பின்னாடிதான் தண்ணி மோட்டார். ரெண்டாவது பாட்டு ஆஃப்டர் ஆல், பாறாங்கல்ல தரதரன்னு இழுத்துட்டு வர்ற மாதிரி மெதுவா, அவசரமே இல்லாம ஆரம்பிக்கும். அப்பா பேப்பர போட்டுட்டு ஓடிப்போயி மோட்டார ஆஃப் பண்ணிருக்காரு, சத்தம் நிக்கல, மெயினயே அணைச்சிருக்காரு, அப்பவும் நிக்கல, ஸ்பீக்கர் சார்ஜுலல்ல ஓடுது! நான் உள்ள கண்ணெல்லாம் சோப்போட இருட்டுல நிக்கிறேன். டீக்கடைல இருந்த மெக்கானிக் வந்து சேர்றப்போ டிவி கிரைம்ஸ் ஓடுது, அது சும்மா பறக்குற பாட்டு.

"பாருப்பா, இப்ப வேகமா வேற சுத்துது!"

அவரு ஸ்க்ரூடிரைவர் நுனிய மோட்டார் மேல வச்சு, பிடில காத வச்சுக் கேட்டாரு. "மோட்டார் செத்துக் கெடக்கு சார், சத்தம் தம்பி ரூம்லேர்ந்து வருது. பேரிங் போனா இவ்ளோ சீரா வராது."

அயோமிக்கு இதவிட நல்ல விமர்சனம் யாரும் எழுதிருக்க மாட்டாங்க.

துண்டோட வெளிய வந்தா அப்பா, "வாசிக்கிறவனுக்கு வெரல் இருக்கா இல்லையாடா?"ங்கறாரு.

"ரெண்டு வெரல்ல நுனி இல்லப்பா."

நெசமாத்தான். அயோமிக்கு பர்மிங்ஹாம்ல தகடு வேல பாக்குற ஃபேக்டரில 17 வயசுல, அதுவும் வேலைய விடுற கடைசி நாள் அன்னிக்கு, மிஷின்ல வலது கை நடுவெரல் நுனியும் மோதிரவெரல் நுனியும் போயிடுச்சு, ஆளு இடது கைக்காரரு, அதனால கம்பி அழுத்த வேண்டியதே அந்தக் கைதான். பிளாஸ்டிக் பாட்டில உருக்கி, வெரலுக்குத் தொப்பி செஞ்சு மாட்டிட்டு திரும்ப வாசிச்சாரு.

அப்பா ஒண்ணும் பேசல. மெக்கானிக் தன்னோட ஆள்காட்டி வெரல நீட்டுனாரு, பாதி நகம்தான் இருந்துச்சு. "ஃபேன் பெல்ட்டுல மாட்டுனது. பாட்டில எதுல வச்சு உருக்குனாராம்?"

அஞ்சு நிமிசம் அதான் பேச்சு. கெளம்பறப்போ இருநூறு ரூவாய மறக்காம வாங்கிட்டாரு.

இப்பல்லாம் அப்பா கதவத் தட்டி, "டேய், அந்தப் பேரிங்க கொஞ்சம் கம்மியா வையி"ங்கறாரு.