ஒரே டிவிடியில் மாதாமாதம் சேர்த்து எழுத லினக்ஸில் நான் பட்ட பாடு

கடைக் கணக்கையும் பில் ஸ்கேன்களையும் மாதம் முடிந்ததும் ஒரு டிவிடி-ஆர்டபிள்யூவில் (அழித்துத் திரும்ப எழுதக்கூடிய வட்டு) எழுதி பீரோவில் வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. இணையத்தோடு ஒட்டாத பிரதி ஒன்று கையில் இருந்தால்தான் நிம்மதி. கணினியில் இருப்பது டெபியன் லினக்ஸ்.

பழைய படங்கள் இருந்த வட்டு ஒன்றை ஃபாஸ்ட் பிளாங்க் முறையில், அதாவது மேலோட்டமாக, அழித்தேன். சட்டென்று முடிந்தது. டிவிடியில் எழுதும் க்ரோஐசோஎஃப்எஸ் (growisofs) கட்டளையில், முதலிலிருந்து எழுதச் சொல்லும் பெரிய இசட் (-Z) கொடுத்து முதல் மாதத்தை எழுதினேன். சரியாக வந்தது. அடுத்த மாதம் பெரிய எம் (-M) கொடுத்துச் சேர்க்கப் போனால், எழுதவே மறுத்துவிட்டது. வட்டுதான் பழுது என்று நினைத்து இன்னொன்றில் முதலிலிருந்து செய்தேன். அதிலும் அதே கதை.

அப்புறம்தான் வட்டின் நிலையைக் காட்டும் டிவிடி+ஆர்டபிள்யூ-மீடியாஇன்ஃபோ (dvd+rw-mediainfo) கட்டளையை ஓட்டிப் பார்த்தேன். '14எச், டிவிடி-ஆர்டபிள்யூ சீக்வென்ஷியல்' (வரிசையாக எழுதும் நிலை) என்று ஒரு வரி, கீழே 'டிஸ்க் ஸ்டேட்டஸ்: கம்ப்ளீட்' (வட்டு எழுதி மூடப்பட்டது). விஷயம் பிடிபட்டது. ஃபாஸ்ட் பிளாங்க் செய்த டிவிடி-ஆர்டபிள்யூவில் ஒரே மூச்சில்தான் எழுத முடியும்; எழுதி முடித்ததும் வட்டு மூடிக்கொள்ளும். முழுதாக அழித்தால் சேர்த்து எழுதலாம், ஆனால் முழு வட்டையும் எழுதுகிற அளவு நேரம் பிடிக்கும்.

அதைவிட நல்ல வழி, வட்டின் எழுதும் முறையை மாற்றும் டிவிடி+ஆர்டபிள்யூ-ஃபார்மேட் கட்டளையை ஃபோர்ஸ் சேர்த்து (dvd+rw-format -force) ஒருமுறை ஓட்டுவது. பழையது எல்லாம் போய்விடும், அதனால் முதலில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் மீடியாஇன்ஃபோ '13எச், ரெஸ்ட்ரிக்டட் ஓவர்ரைட்' (மேலெழுதும் நிலை) என்று காட்டியது. இந்த நிலைக்கு வந்த வட்டை மறுபடி அழிக்கத் தேவையில்லை, மேலேயே எழுதலாம்; பெரிய எம் கொடுத்து மாதாமாதம் சேர்க்கவும் செய்யலாம். '-' குறிக்குப் பதில் '+' குறி உள்ள இன்னொரு வகையான டிவிடி+ஆர்டபிள்யூ வாங்கியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது, அது இயல்பிலேயே அப்படித்தான்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். இரண்டாம் மாதமும் கை தவறிப் பெரிய இசட் கொடுத்தால், சேர்க்காமல் முதலிலிருந்து எழுதிவிடும். டெஸ்க்டாப் தானாக வட்டை மவுண்ட் செய்திருந்தால் (படிக்கத் திறந்து வைத்திருந்தால்) அன்மவுண்ட் செய்துவிட்டு எழுதுங்கள்.

எழுதியதும் வட்டை ஒருமுறை வெளியே எடுத்துவிட்டுத் திரும்பப் போடுகிறேன். இல்லையென்றால் சில நேரம் பழைய பட்டியலே தெரிகிறது. பிறகு வித்தியாசங்களை மட்டும் காட்டும் டிஃப் (diff) கட்டளையால் மூலக் கோப்புறையோடு ஒப்பிடுகிறேன். நேற்று ஐந்தாவது மாதத்தைச் சேர்த்தேன். டிஃப் ஒரு வரிகூடக் காட்டவில்லை.