வாய் கட்டிய பூசை

மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம் இருக்கும் மண்டூர் முருகன் கோயிலுக்குப் பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிப் போகலாம். ஆனால் குருமண்வெளித் துறையில் பாதை ஏறி வாவியைக் கடந்து போனால்தான் முருகனிடம் போனமாதிரி என்பது அம்மாவின் கட்சி. அம்மா இப்போது இல்லை. கட்சியில் மிச்சம் இருப்பது நானும், கனடாவில் அக்காவும்தான்.

வெளியூர்க்காரருக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே பாதை என்றால் கால் வைத்து நடப்பதல்ல. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு தண்ணீரில் மெல்ல ஊர்ந்து போகும் தட்டையான படகு. சூரியன் எழும் பக்கமான எழுவான்கரையில் ஏறினால், அது படும் பக்கமான படுவான்கரையில் இறக்கிவிடும். மண்முனையிலும் முன்பு இப்படி ஒன்று இருந்தது. 2014இல் பாலம் திறந்தபிறகு கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரரைப் பார்க்க யாரும் துறையில் காத்து நிற்பதில்லை. வசதிதான், குறை சொல்ல மாட்டேன். மழைநாளில் நோயாளியோடு கரையில் நின்றவர்களுக்குத்தான் பாலத்தின் அருமை தெரியும்.

ஆவணித் திருவிழாக் காலம். பாதையில் நல்ல சனம். எனக்குப் பக்கத்தில் ஒரு தம்பி மோட்டார் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். தலையில் ஹெல்மெட், கை கிளச்சில். இந்தக் கரையில் ஏறியதிலிருந்து அந்தக் கரை வரும்வரை அவர் அதைக் கழற்றவே இல்லை. நடு வாவியில் யாரை முந்தப் போகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அப்புறம்தான் கவனித்தேன், அந்த நேரத்துக்குள் நானும் மூன்று தடவை போனை எடுத்து மணி பார்த்திருந்தேன்.

மணி பார்த்ததற்குக் காரணம் இருந்தது. மத்தியானப் பூசையைக் காட்டு என்று அக்கா சொல்லியிருந்தாள். இங்கே 12 மணி என்றால் டொரொண்டோவில் அதிகாலை 2.30. அலாரம் வைத்து எழும்புகிறாளாம். சரி என்று சொல்லிவிட்டேன். அங்கே காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்பதைச் சொல்லும்போது யோசிக்கவில்லை.

மண்டூரைத் தில்லை மண்டூர் என்பார்கள். தில்லை மரக் காட்டில் வேல் ஒன்றை வைத்து வேடர் கும்பிட்ட இடம் என்பது ஊர்க்கதை. தில்லையின் பால் கண்ணில் பட்டால் கொஞ்ச நாளைக்குப் பார்வையை மறந்துவிட வேண்டியதுதான். அப்படிப்பட்ட மரத்தடியில் குடியேறிய சாமி, தன்னை எல்லோரும் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டிருப்பாரா? சின்னக் கதிர்காமம் என்று பெயர் வந்ததும் சும்மா இல்லை. கதிர்காமத்தைப் போலவே இங்கும் திரைக்குப் பின்னால்தான் எல்லாம். கப்புகனார் என்று நாங்கள் சொல்லும் பூசகர் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு பூசை செய்வார். மந்திரம் இல்லை. மௌனம்தான்.

கோயிலுக்கு வெளியே அதற்கு நேர்மாறு. ஒலிபெருக்கியில் ஒருவர், நீலச் சட்டை போட்ட ஒரு சின்னவர் தாய் தகப்பனைத் தவறவிட்டு நிற்பதாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். இடையிடையே உபயகாரர்களின் பெயர்கள். சின்னவர் கச்சான் கடலை தின்றுகொண்டு சந்தோசமாகத்தான் நின்றார். தவித்தது ஒலிபெருக்கி மட்டும்.

உள்ளே போகுமுன் அக்காவின் அழைப்பு வந்துவிட்டது. முகத்தில் நித்திரை, நெற்றியில் திருநீறு. "உள்ளுக்குப் படம் எடுக்கக் கூடாது அக்கா" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "போனை வெட்டாமல் மடிக்குள்ள வைச்சுக்கொண்டு போ" என்றாள். பிழைதான். ஆனால் அம்மாவின் குரலில் சொன்னாள். சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, போனை வேட்டி மடிக்குள் செருகினேன்.

கப்புகனார் எங்களைக் கடந்து போனார். வாயை மூடிய துணியின் முடிச்சு பிடரியில் இருந்தது. அதன் இரண்டு நுனிகளும் நடைக்கு ஏற்ப ஆடின. திரை ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு விலகியது. மறுபடி விழுந்தது. அந்த ஒரு கணத்தில் எத்தனை கழுத்துகள் நீண்டன என்கிறீர்கள்! என் கழுத்தும்தான். அத்தனை வயதுக்குப் பிறகும், வருடாவருடம் வந்தும், எட்டிப் பார்த்தேன்.

2020இல் ஊர் முழுக்க வாயைக் கட்டிக்கொண்டு திரிந்தோமே, ஒருவருடைய பேச்சாவது குறைந்ததா? துணிக்குப் பின்னால் இருந்தும் அடுத்த வீட்டுக் கதையைத்தான் பேசினோம். இந்த மனிதர் மூச்சுக்கூடச் சாமிமேல் படக் கூடாது என்று கட்டுகிறார். நாங்கள் கட்டியது பக்கத்திலுள்ளவனின் மூச்சுக்குப் பயந்து.

எனக்கு முன்னால் நின்ற இளைஞர் கொழும்புப் பக்கம் போலிருந்தது. "எப்ப திறப்பாங்க?" என்று கேட்டார். ஆழமாக ஏதாவது சொல்லப்போகிறார் என்று நான் எதிர்பார்த்த கிழவி, கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "திறக்கிற இல்ல மனே. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்."

மணி அடித்தது. அரோகரா என்ற சத்தம் முன்னாலிருந்து கிளம்பி எங்கள் தலைக்கு மேலால் போனது. நானும் சொன்னேன். அக்காவை மறந்தே போனேன்.

திரும்பும் பாதையில்தான் மடியில் சூடு உறைத்தது. எடுத்துப் பார்த்தால் அழைப்பு இன்னும் வெட்டுப்படவில்லை. 54 நிமிடம். பற்றரி சாகும் தறுவாயில்.

"அக்கா, ஒண்டும் தெரிஞ்சிருக்காதே?"

"இருட்டுத்தான். மணி கேட்டது. அரோகரா கேட்டது. ஆரோ ஒரு கிழவி காத்து வரட்டும் எண்டு ஏசினதும் கேட்டது." மூக்கை உறிஞ்சினாள். குளிராக இருக்கலாம், ஆவணியில் அங்கே அவ்வளவு குளிரா என்று நான் கேட்கவில்லை. "கச்சான் வாங்கினியா?"

"வாங்கினேன்."

"வறுத்ததா, அவிச்சதா?"

பதில் சொல்வதற்குள் போன் அணைந்துவிட்டது. கரை இன்னும் தூரத்தில் இருந்தது. பையைப் பிரித்தேன். வறுத்ததுதான்.