அரை அங்குலப் புரிக்கு எந்த பிட்?

யூலை 9, 2024

கச்சான் காற்று விடியவே தொடங்கிவிட்டது, பட்டறை வாசல் முழுக்கப் புழுதி. எட்டு மணிபோல வட்டக்கச்சிப் பெரியவர் சைக்கிளில் வந்து இறங்கினார். போன மாதம் அவருடைய தண்ணீர் மோட்டரின் உறிஞ்சும் பக்கத்து வார்ப்பிரும்பு எல்போவில் (வளைவுக் குழாய்த் துண்டில்), தண்ணீர் ஊற்றி நிரப்புவதற்கென்று ஒரு துளை போட்டு அதன் உட்சுவரில் அரை அங்குலப் புரி (திருகு வரி) வெட்டிக் கொடுத்திருந்தேன். "தம்பி, மோட்டர் ஓடுது, ஆனா பத்து நிமிசத்தில தண்ணி விட்டுப்போடுது. மிளகாய்க் கண்டெல்லாம் தலை சாய்க்குது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவரோடேயே போனேன். எல்போவைச் சுற்றி ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஆனால் உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே வராது, காற்றுத்தான் உள்ளே போகும், பார்த்தால் எல்லாம் நல்லாயிருக்கிற மாதிரியே இருக்கும். கிணற்றடியில் வாய்க்கால் களிமண்ணை ஒரு கை அள்ளிக் குழைத்து, நான் வெட்டிய புரியில் பித்தளை நிப்பிள் (புரியுள்ள குட்டைக் குழாய்) இறங்குகிற இடத்தைச் சுற்றி அப்பிவிட்டு மோட்டரைப் போட்டோம். அரை மணித்தியாலம் விடாமல் இறைத்தது. களிமண் காய்ந்து வெடித்ததும் சத்தம் மாறி, தண்ணீர் விட்டுவிட்டது. சரி, பிழை என்னுடைய வேலையில்தான். எல்போவைக் கழற்றிக்கொண்டு வந்தேன்.

யூலை 10

வேணியர் அளவுகோலை வைத்து அளந்தேன். நினைத்தது சரி. அன்று நான் போட்டது 3/4 அங்குல பிட் (துளைக்கும் அலகு), அதாவது 19.05 மி.மீ. நெடுக ஒரே விட்டமுள்ள அரை அங்குல நேர்ப் புரிக்கு 19 மி.மீ. துளை சரியான அளவுதான், எந்த அட்டவணையிலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் நான் பிறகு இறக்கியது டேப்பர் டப், அதாவது உள்ளே போகப்போக ஒடுங்குகிற புரியை வெட்டும் கருவி. டேப்பருக்கு 18.25 போட்டிருக்க வேண்டும், அங்குலத்தில் 23/32. முக்கால் மில்லிமீட்டர் என்ன செய்துவிடப்போகிறது என்று யாரும் கேட்கலாம், நானும் அப்படி நினைத்திருக்கிறேன். செய்கிறதைப் பார்த்தேன்.

இந்தப் புரி 16க்கு 1 என்று, அதாவது 16 மி.மீ. நீளத்துக்கு விட்டத்தில் 1 மி.மீ. ஒடுங்கும். அரை அங்குலத்துக்கு ஓர் அங்குல நீளத்தில் 14 புரி, ஒரு சுற்று என்பது 1.814 மி.மீ. ஆகவே ஒவ்வொரு சுற்று உள்ளே போகும்போதும் விட்டம் 0.11 மி.மீ. அளவு குறைய வேண்டும். துளையோ மேலும் கீழும் ஒரே 19.05. வாயருகே புரி ஓரளவு முழுதாக வந்திருக்கிறது, ஆனால் ஏழாவது சுற்றுக்குப் போகும்போது உயரத்தில் பாதிதான் மிச்சம். டோர்ச் அடித்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரிகிறது: மேலே கத்தி முனை மாதிரி நிற்கிற புரி, அடியில் தட்டையாக, தேய்ந்த பல்லுப்போல. டேப்பர் புரி இறுகி அடைப்பது ஒன்றோடொன்று நெருக்கி உட்காருவதால்தான். நெருக்க இரும்பே இல்லாத இடத்தில் சீல் டேப்பை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அது காற்றை மறிக்காது. பெரியவர் பாவம், அரை ரோல் சுற்றியிருந்தார்.

இன்னொன்று. "அரை அங்குலம்" என்ற பெயரை நம்பி 12.7 என்று யோசிக்கக்கூடாது. அது அந்தக் காலக் குழாயின் உள்வாயை வைத்து வந்த பெயர். புரியின் வெளி விட்டம் 20.955 மி.மீ. நட்டு போல்ட்டுக்குச் செய்வதுபோல வெளி விட்டத்தில் ஒரு புரியின் தூரத்தைக் கழித்தால் 19.14 வரும், அது நேர்ப் புரிக்கு ஏறத்தாழச் சரியாகவே வருகிறது, அதனால்தான் பலர் அதே கணக்கை டேப்பருக்கும் போட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

யூலை 11

பெருத்த துளையைச் சிறுப்பிக்க வழியில்லை. நல்ல காலம், எல்போவில் அந்த இடம் தடிப்பாக இருந்தது. 15/16 அங்குல பிட்டால், அதாவது 23.8, விரித்து, முக்கால் அங்குல டேப்பர் டப் போட்டு, முக்காலிலிருந்து அரைக்கு இறக்குகிற புஷ் ஒன்றை இறுக்கினேன். காசு வாங்கவில்லை. பின்னேரம் அவர் போன் எடுத்து, கடைசி வரிசை வரை தண்ணீர் போய்விட்டது என்றார். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் சாப்பாடு இறங்கியது.

யூலை 14

பட்டறையில் நிற்கிற பெடியனுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று அரை அங்குலத் தடிப்புள்ள இரும்புத் தகட்டுத் துண்டு ஒன்றை எடுத்தேன். மூன்று துளை: 17.5, 18.25, 19. மூன்றிலும் அதே டேப்பர் டப்.

17.5இல் பெடியன் மூன்று சுற்றுக்குள் வியர்த்துவிட்டான். "அண்ணை, கைபிடி வளையுது, இன்னும் அமத்தட்டோ?" "வேண்டாம், விடு, டப் முறிஞ்சா எடுக்கேலாது." டேப்பர் டப்பில் எல்லாப் பல்லும் ஒரே நேரத்தில் வெட்டும், போகப்போகப் பாரம் கூடும், அதனால் சிறிய துளை போட்டுப் பலத்தால் சமாளிக்கலாம் என்பது நடக்காது. 18.25இல் எண்ணெய் விட்டு, ஒரு சுற்று முன்னே அரைச் சுற்றுப் பின்னே என்று சீராக இறங்கியது, சீவல் சுருள் சுருளாக வந்து விழுந்தது. (வார்ப்பிரும்பு என்றால் எண்ணெய் வேண்டாம், சீவல் மாவாகத்தான் வரும். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய்.) 19இல் கை தானாகச் சுற்றியது. சுகமாக இருக்கிறதே என்று அவன் சிரித்தான், அந்தச் சுகம்தான் வட்டக்கச்சியில் மிளகாயை வாட்டியது என்று சொன்னேன்.

எவ்வளவு ஆழம் இறக்குவது என்பதும் பிட் அளவுக்குச் சமமான விஷயம். டப்பை ஒரு சுற்று கூட விட்டாலே வாய் 0.11 விரியும். ஆகவே அடிக்கடி டப்பைக் கழற்றி, போடப்போகிற அதே நிப்பிளைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். அரை அங்குலத்துக்கு நாலு, நாலரைச் சுற்றில் கை நிற்க வேண்டும், மிச்சம் ஸ்பனருக்கு. முழுவதும் கையாலேயே போய்விட்டால் அந்தத் துண்டு கெட்டது.

பிட்டும் சொன்ன அளவுக்கே துளைக்கும் என்றில்லை. கைமெசினில் பிடித்தால் ஆடி ஆடிச் சற்றுப் பெருக்கும். 6, பிறகு 12, பிறகு 18.25 என்று படிப்படியாகப் போனால் ஆட்டம் குறைவு. நிரந்தரமாக நிற்கிற மெசினில் வேலைத்துண்டை இறுக்கிப் பிடித்துத் துளைப்பதுதான் என் மனதுக்குச் சரி.

யூலை 18

பரந்தனிலிருந்து ஒருவர் ரயர் கடைக் கொம்பிரசரோடு வந்தார், புது அமுக்க மீட்டர் கால் அங்குலத் துளையில் இரண்டு சுற்றோடு இறுகி நிற்கிறதாம். துளை பிழை, பெருப்பித்து வெட்டித் தாருங்கள் என்றார். வெட்டுவதற்கு முன் அந்த மீட்டரின் புரியையும் என்னிடமுள்ள பி.எஸ்.பி. (நாம் பாவிக்கிற பிரித்தானியக் குழாய்ப் புரி) நிப்பிளின் புரியையும் பல்லோடு பல் சேர்த்து வெளிச்சத்துக்குப் பிடித்தேன். தொடக்கத்தில் பொருந்தி, போகப்போக விலகி, நடுவில் வெளிச்சம் தெரிந்தது. மீட்டரில் இருந்தது அமெரிக்கக் குழாய்ப் புரியான என்.பி.டி., அங்குலத்துக்கு 18 புரி. நம்முடையது 19. துளையில் ஒரு பிழையும் இல்லை, மாற்றி இணைக்கிற துண்டு ஒன்று போட்டால் போதும்.

அரை அங்குலத்திலும் முக்காலிலும் இந்தச் சோதனை ஏமாற்றும். இரண்டு முறையிலும் அங்குலத்துக்கு 14 புரிதான். பல்லின் கோணம் மட்டும் அங்கே 60 பாகை, இங்கே 55. நல்ல பிள்ளை மாதிரி ஏறும், பிறகு மெல்லக் கசியும். அந்த அளவுகளில் வெளி விட்டத்தையும் அளக்காமல் நான் இனி டப்பை எடுப்பதில்லை.

யூலை 20

பெடியன் மூன்று துளைத் தகட்டில் அளவுகளைப் பெயின்றால் எழுதி மெசினுக்கு மேலே ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறான். கால் அங்குல டேப்பருக்கு 11.2 பிட் நம்மிடம் இல்லை, இருக்கிற 11.8 நேர்ப் புரிக்கானது. திங்கள் வவுனியா போகிற ஆளிடம் 11.2 இரண்டு சொல்லிவிட வேண்டும்.